மேஜர் லேசரின் முதல் ஆல்பத்தை விமர்சகர்கள் எப்படிக் கேட்டார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது எந்த ஆல்பம்?

2009 ஜூனில் வெளிவந்த 'கன்ஸ் டோன்ட் கில் பீப்பிள்... லேசர்ஸ் டூ'. மேஜர் லேசர் என்ற பெயரில் அமெரிக்கரான டிப்லோவும் ஆங்கிலேயரான ஸ்விட்சும் சேர்ந்து தயாரித்தது. ஜமைக்காவின் நடன இசையான டான்ஸ்ஹாலை அடித்தளமாகக் கொண்டது, மொத்தம் 13 பாடல்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டனில், ரெகே பாடகர் பாப் மார்லி பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் டஃப் காங் ஸ்டுடியோவில் பதிவு வேலைகள் நடந்தன. மேஜர் லேசர் என்பவர் கார்ட்டூன் பாத்திரம். 1984-இல் நடந்த ரகசிய ஜாம்பிப் போரில் கையை இழந்து, அதற்குப் பதில் லேசர் துப்பாக்கியைப் பொருத்திக்கொண்ட ஜமைக்கா கமாண்டோ என்று கதை. அட்டைப்படத்தில் இருப்பவர் அவர்தான். வரைந்தவர் ஃபெர்ரி கோவ்.

டான்ஸ்ஹால் என்றால் வேகமான ரெகே தானே?

அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் விமர்சனங்களைப் படிக்கும்போது அது போதாது. ஜமைக்காவில் பாடலின் இசைத்தளத்துக்கு 'ரிதிம்' என்று பெயர். ஒரு ரிதிமை ஒருவர் உருவாக்குவார், அதன்மேல் பத்து இருபது பேர் தனித்தனிப் பாடல்களைப் பாடுவார்கள். அந்த ரிதிம்மேல் பேச்சும் பாட்டுமாகக் கொட்டுபவரைத்தான் அங்கே டீஜே என்பார்கள். இசைத்தட்டைப் போடுபவர் செலக்டர். நம் ஊரில் டீஜே என்று யாரைச் சொல்கிறோமோ அவருக்கு அங்கே வேறு பெயர் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதிய விமர்சனங்கள் நிறைய உண்டு.

1985-இல் வெய்ன் ஸ்மித் பாட, பிரின்ஸ் ஜாமி தயாரித்த 'ஸ்லெங் டெங்' ரிதிமோடு டிஜிட்டல் யுகம் தொடங்கியது. அதன் அடிநாதம் காசியோ எம்.டி.-40 என்ற சிறிய கீபோர்டில் ஏற்கெனவே இருந்த தாளம். 2000-களின் தொடக்கத்தில் ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன் உருவாக்கிய கைத்தட்டல் ரிதிம் உலகைச் சுற்றியது. ஷான் பாலின் 'கெட் பிஸி', வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' இரண்டுமே அதன்மேல் பாடியவை. அந்த ரிதிமின் பெயர் தீபாவளி! ஆங்கில எழுத்தில் 'திவாலி' என்றிருக்கும்.

தாளம் காதில் பிடிபட ஒரு வழி. எட்டு எண்ணிக்கையை 'தகிட தகிட தக' என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் தட்டுங்கள். 3+3+2. முதல் தட்டு கிக் (கனத்த பெரிய டிரம்), அடுத்த இரண்டும் ஸ்னேர் (சடசடக்கும் சிறிய டிரம்). லத்தீன் அமெரிக்காவின் ரெகேடோன் நடன இசையின் அடித்தளமும் இதுவே, ஜமைக்காவிலிருந்து போனதுதான்.

அப்படியானால் இது டான்ஸ்ஹால் ஆல்பமா, எலெக்ட்ரானிக் ஆல்பமா?

குரல் டான்ஸ்ஹால், தயாரிப்பு எலெக்ட்ரானிக். அநேகமாக எல்லா விமர்சனங்களும் இந்த இடத்தில்தான் தொடங்கின. ஆனால் 'ஆல்பம்' என்ற வடிவமே டான்ஸ்ஹாலுக்கு அந்நியம் என்பதைப் பலர் கணக்கில் எடுக்கவில்லை. கிங்ஸ்டனின் சந்தை காலங்காலமாக 7 அங்குல ஒற்றைத் தட்டுகளை வைத்து ஓடியது. ஒரு பாடல் சவுண்ட் சிஸ்டத்தில் (தெரு நடனத்துக்கான பெரிய ஸ்பீக்கர் அமைப்பில்) ஒலித்துக் கூட்டம் கத்தினால் மறுபடி முதலிலிருந்து போடுவார்கள். கத்தாவிட்டால் அடுத்த தட்டு. 45 நிமிட ஆல்பத்தை வரிசையாகக் கேட்டு மதிப்பெண் போடுவது லண்டன், நியூயார்க் பத்திரிகைகளின் பழக்கம். அந்த அளவுகோலால் இதை அளந்தால் 'ஒழுங்கில்லை' என்றுதான் வரும். அந்தத் தீர்ப்பு பொய்யில்லை, ஆனால் பாதி விஷயம்தான் அதில் இருக்கிறது.

மொத்தத்தில் வரவேற்பு எப்படி?

சாதகம்தான், ஆனால் கொண்டாட்டம் இல்லை. பாராட்டியவர்கள் ஆற்றலையும் ஒலியின் கண்டுபிடிப்பையும் சொன்னார்கள். குறை சொன்னவர்கள் மூன்று இடங்களில் நின்றார்கள்: பாடல்களின் தரம் ஏறி இறங்குகிறது, நகைச்சுவை முயற்சிகள் அலுக்கின்றன, இரண்டு வெள்ளையர் ஒரு கறுப்பு ஜமைக்கா கார்ட்டூனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது உறுத்துகிறது. மூன்றுக்கும் கீழே தனித்தனியாக வருகிறோம்.

'பாதிக்கு மேல் தொய்கிறது' என்கிறார்களே, உண்மையா?

தொய்வு உண்டு. ஆனால் இடம் மாற்றிச் சொல்கிறார்கள்.

முதல் பாடல் 'ஹோல்ட் தி லைன்': மிஸ்டர் லெக்ஸ், சான்டிகோல்ட். சர்ஃப் ராக் கிதார், குதிரைக் கனைப்பு, இடையில் தொலைபேசி மணி. கிறுக்குத்தனம் மாதிரி தோன்றும், ஆனால் ஒவ்வொரு ஒலியும் தாளத்தின் குறிப்பிட்ட காலி இடத்தில் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது 'கான்ட் ஸ்டாப் நவ்' (மிஸ்டர் வேகாஸ், ஜோவி ராக்வெல்) நேர் எதிர்: மெல்லிய, பழைய ரெகே மணம் கொண்ட காதல் பாட்டு. பார்ட்டி ஆல்பம் என்று வாங்கியவர்கள் இதைத் தாண்டிப் போனார்கள், நஷ்டம் அவர்களுக்கே. ஐந்தாவது, டர்புலன்ஸ் பாடும் 'எனிதிங் கோஸ்', ஆறாவது, ஜா டான் பாடும் 'கேஷ் ஃப்ளோ'. இரண்டும் திடமானவை.

சறுக்கல் ஏழில் தொடங்குகிறது. 'மேரி ஜேன்' கஞ்சாவுக்கு ஒரு கேலித் துதி, முதல் தடவை சிரிப்பு வரும், இரண்டாம் தடவை வராது. ஒன்பதாவது 'வாட் யூ லைக்' வெறும் ஆபாசத்தை நம்பி நிற்கிறது, அதன் ரிதிமில் பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு திடீரென்று ஆல்பத்தின் உச்சம்: பத்தாவது 'கீப் இட் கோயின் லவுடர்' (நீனா ஸ்கை, ரிக்கி பிளேஸ்), பதினொன்றாவது 'போன் டி ஃப்ளோர்' (வைப்ஸ் கார்ட்டெல்). அந்தச் சூட்டோடு நேரே கடைசிப் பாடல் 'ஜம்ப் அப்'புக்குப் போயிருந்தால் விமர்சனங்களின் தொனியே மாறியிருக்கும். இடையில் பிரின்ஸ் ஜிம்பூவின் 'பேபி'. குழந்தை அழுகையை ஆட்டோடியூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளில் போட்டுச் செய்த ஜோக். உச்சத்துக்கு அடுத்த இடத்தில் ஜோக்கை வைத்தது வரிசைப்படுத்தலில் செய்த தப்பு. பாடகர்கள்மேல் பழி இல்லை.

எல்லாரும் 'போன் டி ஃப்ளோர்' பற்றியே பேசுவது ஏன்?

அதில் இல்லாதவற்றால். மெட்டு என்று சொல்ல நறுக்கி ஒட்டிய ஒரு சின்த் (மின்னணு கீபோர்டு) ஒலி மட்டும். ஹவுஸ் என்ற கிளப் நடன இசையில் வரும் தடதடவென்ற நேர்க் கிக்கை நம்பி நிற்கவில்லை. அந்த இடத்தை நிரப்புவது ராணுவ அணிவகுப்பில் கேட்கும் ஸ்னேர் உருட்டல். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 128 அடி, அதாவது ஹவுஸ் வேகம், ஆனால் அடிகளின் வைப்பு ஜமைக்கா. இரண்டு ஊர்க் கூட்டமும் ஒரே பாட்டுக்கு ஆட முடிந்தது இதனால்தான். டச்சுத் தயாரிப்பாளர் ஆஃப்ரோஜாக்கும் இதில் கூட்டு.

2011-இல் பியான்சேயின் 'ரன் தி வேர்ல்ட் (கேர்ள்ஸ்)' இதே இசைத்தளத்தின்மேல் கட்டப்பட்டது. 2009-இல் இதை 'விளையாட்டு' என்று கடந்துபோன விமர்சகர்கள் சிலர் அதற்குப் பின்னால் தொனியை மாற்றிக்கொண்டார்கள். ஜமைக்காக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது. ஒரு ரிதிமை இன்னொருவர் எடுத்துப் பாடுவது அங்கே நாள்தோறும் நடப்பதுதானே.

அந்தப் பாடலின் வீடியோவைச் சுற்றி என்ன சர்ச்சை?

வீடியோவை இயக்கியவர் எரிக் வேர்ஹைம். 'டாகரிங்' என்ற, உடலுறவைப் பாவனை செய்யும் நடனத்தைக் கேலிச்சித்திரம் போல மிகைப்படுத்திக் காட்டியது. 2009 பிப்ரவரியில்தான் ஜமைக்காவின் ஒலிபரப்பு ஆணையம் டாகரிங் பாடல்களை வானொலி, தொலைக்காட்சியில் போடக் கூடாதென்று உத்தரவிட்டிருந்தது. ஆக, உள்ளூரில் தடையான ஒன்று வெளியூரில் இணைய வேடிக்கையாகப் பரவியது. மேடையில் ஸ்கெரிட் பாய் என்ற உற்சாகமூட்டி இதே நடனத்தைச் செய்துகாட்டுவார். கச்சேரி விமர்சனங்களில் பாதி இடம் அவருக்கே போனது, இசைக்கு மிச்சம் கொஞ்சம்.

இது ஜமைக்கா இசையைச் சுரண்டியதா?

'ஆம்', 'இல்லை' என்று ஒரு சொல்லில் முடிப்பவர்களை நம்ப வேண்டாம். சரிபார்க்கக் கூடியவற்றிலிருந்து தொடங்கலாம்.

பாடகர்கள் பெயரில்லாமல் நறுக்கி ஒட்டப்பட்டவர்கள் இல்லை. பாடலுக்குப் பாடல் பெயர் போட்டிருக்கிறது, பெரும்பாலோர் ஜமைக்காவில் ஏற்கெனவே பேர் பெற்றவர்கள். மிஸ்டர் வேகாஸ், வைப்ஸ் கார்ட்டெல், டி.ஓ.கே. குழு யாருக்கும் டிப்லோ அறிமுகம் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. இது ஆல்பத்துக்குச் சாதகமான பக்கம்.

பாதகமான பக்கம் கார்ட்டூன். கையில்லாத ஜமைக்கா வீரன் முகப்பில் நிற்க, பேட்டி கொடுப்பவர்கள் தயாரிப்பாளர்கள் இருவர். ஒரு பண்பாட்டை முகமூடியாக மாட்டிக்கொள்வதாக இதைப் படித்த விமர்சகர்களின் கோபம் நியாயமானது. 2011-இல் ஸ்விட்ச் விலகிய பிறகு டிரினிடாட்காரரான ஜில்லியனேரும், ஜமைக்கா வேர் கொண்ட வால்ஷி ஃபயரும் குழுவில் சேர்ந்தது இந்தக் கேள்விக்கு ஓரளவு நடைமுறைப் பதில்.

விமர்சனங்கள் அவசரமாகத் தாண்டிய இன்னொன்றும் உண்டு. ஓரினச் சேர்க்கையாளருக்கு எதிரான வன்முறையைப் பாடுகிறார்கள் என்று எட்டு டான்ஸ்ஹால் கலைஞர்களைக் குறிவைத்து, பிரிட்டனின் அவுட்ரேஜ் அமைப்பு உள்ளிட்டோர் 2000-களில் 'ஸ்டாப் மர்டர் மியூசிக்' இயக்கம் நடத்தினார்கள். அந்த எட்டில் வைப்ஸ் கார்ட்டெலும் டி.ஓ.கே.யும் இருந்தார்கள், இரு தரப்பினரும் இந்த ஆல்பத்தில் இருக்கிறார்கள். கண்டனத்துக்கு உள்ளான பாடல்கள் இதில் இல்லை. ஆனாலும், ஆபாசத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு இதைத் தொடாமல் விட்டதை நேர்மையான விமர்சனம் என்று சொல்ல முடியாது.

எம்.ஐ.ஏ.வுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அவர் இல்லாவிட்டால் இந்தக் கூட்டணியே உருவாகியிருக்காது. எம்.ஐ.ஏ. என்பது லண்டனின் ஈழத்தமிழ்ப் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் மேடைப்பெயர். அவருடைய 'அருளர்' (2005), 'கலா' (2007) ஆல்பங்களில் வேலை செய்தபோதுதான் டிப்லோவும் ஸ்விட்சும் ஒருவருக்கொருவர் பழக்கமானார்கள். 'கலா'வின் 'பேர்ட் ஃப்ளூ' பாடலில் ஒலிப்பது உருமி. 'ஜெயம்' படத்துக்கு ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த திருவிழாப் பாட்டின் துண்டும் அதில் இருக்கிறது. 'பாய்ஸ்' வீடியோ ஜமைக்காவில் படமானது. நாட்டுத் தாளத்தை அதன் முரட்டுத்தனத்தோடே எலெக்ட்ரானிக் இசைக்குள் கொண்டுவரும் வேலையை மேஜர் லேசருக்கு இரண்டு ஆண்டு முன்பே அவர் செய்து முடித்துவிட்டார். 2010-இல் வந்த 'லேசர்ஸ் நெவர் டை' இ.பி.யில் (சில பாடல்கள் மட்டும் கொண்ட குறு ஆல்பம்) 'சவுண்ட் ஆஃப் சைரன்' பாடலில் பிஸி சிக்னலோடு அவரும் பாடினார்.

விமர்சகர்கள் இரண்டையும் ஒப்பிட்டபோது மேஜர் லேசர் கொஞ்சம் சிறுத்துப் போனது உண்மை. எம்.ஐ.ஏ.விடம் சொல்ல ஒரு வாழ்க்கை இருந்தது, இவர்களிடம் ஒரு கார்ட்டூன்.

மெட்டாகிரிட்டிக் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

திசை காட்டும், தூரம் காட்டாது. விமர்சனங்களைத் திரட்டும் அந்தத் தளம் ஒவ்வொரு பத்திரிகையின் மதிப்பெண்ணையும் 100-க்கு மாற்றி, எடை போட்டுச் சராசரி எடுக்கிறது. எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதை வெளியிடுவதில்லை. இசையில் 61 முதல் 80 வரை 'பொதுவாகச் சாதகம்', 81 முதல் 'ஏகோபித்த பாராட்டு' என்று பெயர் கொடுக்கிறார்கள்.

இந்த வகை ஆல்பத்துக்கு அதில் இரண்டு சிக்கல். நட்சத்திரம் போடும் பத்திரிகையில் ஐந்துக்கு மூன்று என்பது 60 ஆகிவிடும், எழுதியவர் 'நல்ல பார்ட்டி ஆல்பம்' என்ற அர்த்தத்தில் போட்டிருப்பார். பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசை இதழ் மாதிரி தசமத்தில் போடுபவர்களுடைய எண்ணோ அப்படியே பத்தால் பெருக்கப்படும். இரண்டும் ஒரே தராசில் ஏறுகின்றன. அடுத்தது, பாதிப் பாடல்கள் அற்புதம், பாதி வீண் என்ற ஆல்பமும், எல்லாமே சுமார் என்ற ஆல்பமும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். ஆடுவதற்குப் பாட்டுத் தேடுபவருக்கு முதலாவது தங்கம், இரண்டாவது தண்டம். ஆகவே எண்ணை விட்டுவிட்டு, மூன்று நான்கு விமர்சனங்களில் எந்தப் பாடல் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பாருங்கள்.

நான் கேட்டேன், சப்பென்று இருந்தது. ஏன்?

கைபேசி ஸ்பீக்கரில் கேட்டிருப்பீர்கள். அதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் வராது. இந்த இசையின் எடை இருப்பது 40 முதல் 80 ஹெர்ட்ஸில். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஸ்னேர் சத்தமும் கூச்சலும்.

சப்-ஊஃபர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காதை மூடி உட்காரும் ஹெட்போன். இயர்பட் என்றால் சிலிகான் முனை காதில் சரியாக அடைக்க வேண்டும், காற்று கசிந்தால் முதலில் போவது பாஸ் என்ற கீழ்த்தொனிதான். ஈக்வலைசரை நேர்க்கோட்டில் வையுங்கள். 'பாஸ் பூஸ்ட்' போட்டால் கிக்கும் பாஸும் ஒன்றோடொன்று குழைந்து, இடைவெளிகள் காணாமல் போகும். டான்ஸ்ஹாலில் இடைவெளி போனால் எல்லாம் போச்சு. ஸ்பீக்கரை அறை மூலையில் தள்ளாமல் சுவரிலிருந்து ஒரு அரை மீட்டராவது முன்னால் வையுங்கள். மூலை பாஸைப் பெருக்கும், ஆனால் சில சுரங்களை மட்டும் பெருக்கிக் குடம் உருட்டுகிற மாதிரி ஆக்கிவிடும்.

சத்தம் கூட்டும்போது காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பொதுவான பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்.

பார்ட்டியில் போட எவை, எந்த வரிசையில்?

முழு ஆல்பத்தையும் ஓடவிடாதீர்கள். கூட்டம் சேரும் முன் 'கான்ட் ஸ்டாப் நவ்', சேர்ந்ததும் 'ஹோல்ட் தி லைன்', சூடு பிடித்ததும் 'கீப் இட் கோயின் லவுடர்', அடுத்து 'போன் டி ஃப்ளோர்', உடனே 'ஜம்ப் அப்'. அதோடு வேறு இசைக்குப் போய்விடலாம். குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும் வீட்டு விசேஷம் என்றால் 'வாட் யூ லைக்', 'மேரி ஜேன்' இரண்டையும் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

மிக்ஸ் செய்பவர்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண டான்ஸ்ஹால் பாடல் 96 வேகத்தில் (நிமிடத்துக்கு 96 அடி) ஓடுகிறது, அடுத்து 128 வேகத்தில் 'போன் டி ஃப்ளோர்' போட வேண்டும். வேகத்தை இழுத்து நீட்டினால் குரல் கெட்டுப்போகும். 96-க்கும் 128-க்கும் விகிதம் 3:4. 96-இல் மூன்று சிற்றடி (ஓர் அடியில் கால் பங்கு) கொண்ட ஒரு 'தகிட' எடுத்துக்கொள்ளும் நேரமும், 128-இல் ஒரு முழு அடியின் நேரமும் துல்லியமாக ஒன்றே: 0.469 விநாடி. ஆகவே முதல் பாட்டின் 'தகிட' துடிப்பை மட்டும் லூப் போட்டு, அதையே புதிய அடியாகக் கூட்டத்தின் காதில் நான்கு எட்டு முறை பதியவைத்து, மேலே இரண்டாவது பாட்டைத் திறக்கலாம். முதல் பாட்டு 98 அல்லது 94 என்றால் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக 96-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். இந்த இடத்தில் அநேகமாக நேரும் தவறு, இரண்டு பாட்டின் பாஸையும் ஒன்றாகத் திறந்துவைப்பது. மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியும், ஒலி கிழியும். புதியது நுழையும் வரை அதன் பாஸைக் கூட்டிக் குறைக்கும் 'லோ' குமிழ் முழுக்க மூடியே இருக்கட்டும்.

பிந்தைய ஆல்பங்களுக்கு வரவேற்பு கூடியதா?

ரசிகர் கூட்டம் கூடியது, விமர்சகர்களின் ஆர்வம் அந்த அளவுக்குக் கூடவில்லை. 2013-இன் 'ஃப்ரீ தி யூனிவர்ஸ்' விருந்தினர் பட்டியலால் வீங்கியது, ஆனால் அதில் ஆம்பர் காஃப்மன் பாடிய 'கெட் ஃப்ரீ' தனித்து நிற்கும். 2015-இன் 'பீஸ் இஸ் தி மிஷன்' ஒன்பதே பாடல்கள். அதில்தான் டீஜே ஸ்னேக், மோ ஆகியோருடன் சேர்ந்த 'லீன் ஆன்', வீடியோ இந்தியாவில் எடுத்தது. உலகமே கேட்ட பாட்டு, ஆனால் டான்ஸ்ஹாலின் முரட்டுத்தனம் அதில் தேய்ந்துபோய்விட்டது. முதல் ஆல்பத்தைத் திட்டியவர்களில் சிலர் அப்போதுதான் அதை நினைத்து ஏங்கத் தொடங்கினார்கள்.

இது போன்ற ஆல்பத்துக்கு நானே விமர்சனம் எழுத வேண்டுமென்றால்?

முதலில் பாடகர், தயாரிப்பாளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய குரல் என்று தெரியாமல் எழுதினால் எல்லாப் புகழும் டிப்லோவுக்கே போய்ச் சேரும், அப்படித்தான் பலருக்கும் நடந்தது. ஒரு தடவை ஹெட்போனில் உட்கார்ந்து கேளுங்கள், ஒரு தடவை பெரிய ஸ்பீக்கரில் நின்று கேளுங்கள். இரண்டிலும் பிடித்தவற்றுக்கும் ஒன்றில் மட்டும் பிடித்தவற்றுக்கும் தனிக் குறிப்பு வேண்டும். வரிகள் ஜமைக்கா பாட்வா மொழியில் இருப்பதால் இணையத்தில் கிடைக்கும் வரிப் பதிவுகளை ஒன்றுக்கு இரண்டாக ஒப்பிடுங்கள், தப்பான பதிவுகள் ஏராளம். மேற்கோள் காட்டும் வரி உண்மையில் அதுதானா என்று ஜமைக்கா கேட்பவர்களின் உரையாடல்களில் தேடிப் பார்ப்பது இன்னும் நல்லது. 'பார்ட்டி இசை' என்று எழுதும் இடத்தில் எல்லாம் நிறுத்தி, எந்த ஒலி, எத்தனையாவது விநாடியில், கால்களை என்ன செய்ய வைக்கிறது என்று மாற்றி எழுதுங்கள். எழுத ஒன்றும் கிடைக்காத பாடல்தான் ஆல்பத்தில் இருந்திருக்க வேண்டாத பாடல்.